29 நிமிடக் காற்று

மீசையை எடுத்துவிட்டு வரச் சொன்னார் டைவ் வழிகாட்டி. முந்தின நாள் சாயங்காலம், பாலித் தீவின் கிழக்கு ஓரத்தில் இருக்கும் ஆமெட் என்ற மீனவ ஊரில், மாஸ்க் அளவு பார்த்துக்கொண்டிருந்தபோது. முகத்தோடு ஒட்டிக்கொள்ள வேண்டிய சிலிக்கான் விளிம்புக்கு நடுவில் முடி நின்றால் அந்த இடுக்கு வழியாகத் தண்ணீர் வரும் என்று விளக்கமாகத்தான் சொன்னார். கல்யாணத்துக்கே எடுக்காத மீசை, மீனைப் பார்ப்பதற்காக எடுப்பேனா என்று சிரித்துவிட்டு வந்துவிட்டேன். அவரும் சிரித்தார். அவர் ஏன் சிரித்தார் என்பது மறுநாள் காலையில்தான் புரிந்தது.

பாலிக்கு நம் ஊர்க்காரர்கள் போவது பெரும்பாலும் ஊஞ்சலில் ஆடிப் படம் எடுக்க, கோயில் வாசலில் நின்று படம் எடுக்க. நாங்களும் முதல் மூன்று நாள் தெற்குப் பக்கம் அதையெல்லாம் குறைவில்லாமல் செய்தோம். கடைசி இரண்டு நாளை மட்டும் நான் பிடிவாதமாக, ஆமெட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் துலாம்பெனுக்கு ஒதுக்கி வைத்திருந்தேன். காரணம் ஒரு கப்பல்.

யுஎஸ்ஏடி லிபர்ட்டி என்று பெயர். அமெரிக்க ராணுவத்தின் சரக்குக் கப்பல், 120 மீட்டருக்கும் கொஞ்சம் கூடுதலான நீளம். ('லிபர்ட்டி ஷிப்' என்று இரண்டாம் உலகப்போரில் நூற்றுக்கணக்கில் கட்டித் தள்ளினார்களே, அந்த வகை என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். இது 1918லேயே கட்டியது, பெயர் மட்டும்தான் ஒன்று.) 1942 ஜனவரி 11 அன்று ஆஸ்திரேலியாவிலிருந்து பிலிப்பைன்ஸுக்கு ரப்பரும் ரயில்வே சாமான்களும் ஏற்றிக்கொண்டு போகும்போது, லொம்போக் நீரிணைக்குப் பக்கத்தில் ஐ-166 என்ற ஜப்பானிய நீர்மூழ்கி டார்பிடோ விட்டது. உடனே மூழ்கவில்லை. ஓர் அமெரிக்கப் போர்க்கப்பலும் ஒரு டச்சுப் போர்க்கப்பலும் சேர்ந்து பாலியின் வடகரையில் இருக்கும் சிங்கராஜா துறைமுகத்துக்கு இழுத்துக்கொண்டு போகப் பார்த்தன. தண்ணீர் ஏறிக்கொண்டே இருந்ததால், இனி தாங்காது என்று துலாம்பென் கரையிலேயே தரை தட்ட விட்டுவிட்டார்கள். சரக்கை இறக்கியாயிற்று. கப்பல் அப்படியே இருபது வருஷத்துக்கு மேல் கரையில் கிடந்தது. 1963இல் ஆகுங் எரிமலை வெடித்து ஆயிரம் பேருக்கு மேல் செத்துப்போனார்கள். அந்தச் சமயத்தில் நிலம் குலுங்கிய குலுங்கலில் கப்பல் கரையிலிருந்து சரிந்து கடலுக்குள் போய் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டது.

போரில் அடிபட்டும் மூழ்காத கப்பலை ஒரு மலை மூழ்கடித்தது என்பதுதான் என்னைப் பிடித்துக்கொண்டது. அதைவிட வசதி, அது கிடக்கும் இடம். கரையிலிருந்து முப்பது மீட்டர் தள்ளி, மேல் முனை சுமார் 5 மீட்டர் ஆழத்தில், கீழ் முனை 30 மீட்டரில். படகு வேண்டாம், நடந்தே போகலாம். இரண்டு வருஷம் முன்பு அந்தமான் ஹேவ்லாக்கில் நான்கு நாள் பாடம் படித்து நாங்கள் வாங்கியிருக்கும் சான்றிதழ் 18 மீட்டர் வரைக்கும்தான். அந்த ஆழத்துக்குள்ளேயே பாதிக் கப்பலைப் பார்த்துவிடலாம்.

காலை ஐந்தரைக்கு வேன் வந்தது. தெற்கிலிருந்து வரும் கூட்டம் ஒன்பது மணிக்கு மேல்தான் வந்து சேரும், அதற்குள் ஒரு முறை இறங்கி ஏறிவிட வேண்டும் என்பது திட்டம். நாங்கள் இரண்டு பேர், அறுபத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு ஜெர்மன்காரர், வழிகாட்டி. பாலியில் அண்ணன் மாதிரியான ஆட்களை 'பிளி' என்று கூப்பிடுகிறார்கள். இவர் என்னைவிடப் பதினைந்து வயதாவது சின்னவர், ஆனாலும் தண்ணீருக்குள் நம் உயிர் அவர் கையில் என்பதால் நானும் பிளி என்றுதான் கூப்பிட்டேன்.

துலாம்பெனில் வேன் நிற்கும் இடத்திலிருந்து கடல் கொஞ்ச தூரம். டேங்குகளை அங்கிருந்து கரைக்குச் சுமப்பது அந்த ஊர்ப் பெண்கள். தலையில் துணியைச் சும்மாடாகச் சுற்றி, அதன் மேல் டேங்கைப் படுக்க வைத்து, தோளில் இன்னொரு மூட்டையையும் மாட்டிக்கொண்டு, செருப்புக்காலோடு உருண்டைக் கற்கள் மேல் விடுவிடுவென்று நடக்கிறார்கள். கை டேங்கைப் பிடிக்கக்கூட இல்லை. எங்கள் டேங்குகளைத் தூக்கிய அம்மாவுக்கு என் மாமியார் வயது இருக்கும். அலுமினிய டேங்க் வெறுமையாகவே 14 கிலோ. 200 பார் அழுத்தத்தில் காற்று அடைத்தால் அந்தக் காற்று மட்டும் இரண்டரை கிலோவுக்கு மேல் வரும். காற்றுக்கு எடை உண்டு என்று ஆறாம் வகுப்பில் பலூனைக் கட்டித் தொங்கவிட்டு நிரூபித்தார்கள், நான் நம்பியதில்லை. இங்கே ஓர் அம்மா அதைத் தலையில் தூக்கிக்கொண்டு போகிறார், நான் பின்னாலேயே காலில் மாட்டும் துடுப்பான ஃபின்னை மட்டும் கையில் பிடித்துக்கொண்டு தடுமாறிக்கொண்டு போகிறேன்.

தடுமாற்றம் என்றால் சும்மா இல்லை. அந்தக் கடற்கரையில் மணலே கிடையாது. எரிமலை துப்பிய கறுப்புக் கற்கள், தேங்காய் அளவில், அலை உருட்டி உருட்டி வழவழப்பாக்கியவை. முதுகில் டேங்க், இடுப்பில் 6 கிலோ ஈயம், காலுக்குக் கீழே நகரும் கல். ஜெர்மன்காரர் பிளியின் தோளைப் பிடித்துக்கொண்டு கௌரவமாக உள்ளே போனார். என் மனைவி உட்கார்ந்தே நகர்ந்து போனாள். நான் அவற்றுக்கெல்லாம் மேற்பட்டவன், நிமிர்ந்து நடந்து, இரண்டாவது அலையில் குப்புற விழுந்து உள்ளே போனேன்.

இறங்கும்போது காது. இதைப் பற்றி யாரும் சரியாகச் சொல்வதில்லை. ஆழத்தில் போனால் வலிக்கும் என்று நினைப்போம், ஆனால் முதல் பத்து மீட்டரில்தான் தொல்லை அதிகம். மேலே நம் மீது இருக்கும் காற்றின் அழுத்தம் ஒரு பங்கு என்றால், 10 மீட்டர் தண்ணீர் இன்னொரு பங்கைச் சேர்த்து இரண்டு மடங்காக்கிவிடுகிறது. அடுத்த பத்து மீட்டரில் இரண்டு மூன்றாகிறது, அவ்வளவுதான். அதனால் மீட்டருக்கு ஒரு முறை மூக்கைப் பிடித்துக்கொண்டு ஊத வேண்டும், வலி வருவதற்கு முன்பே ஊத வேண்டும். எனக்கு இடது காது ஒரு சின்ன விசிலோடு திறக்கும், வலது காது மாட்டு வண்டி மாதிரி, ஊன்றினால்தான் நகரும்.

'ஓகேயா?' என்று பிளி விரலை வளைத்துக் கேட்டார். நான் தலையை ஆட்டினேன். நம் ஊர் ஆட்டு, இரண்டு பக்கமும். தண்ணீருக்குள் தலையாட்டலுக்கு அர்த்தமே இல்லை, கையை அப்படி ஆட்டினால் 'எனக்கு ஏதோ கோளாறு' என்று அர்த்தம். அவர் பதறிப்போய் என் காதைக் காட்டினார், மூக்கைக் காட்டினார், டேங்கில் மிச்சமிருக்கும் காற்றைக் காட்டும் கேஜைப் பிடித்துப் பார்த்தார். ஹேவ்லாக்கில் இதைவிட மோசம். ஆமையைப் பார்த்த சந்தோஷத்தில் கட்டைவிரலை உயர்த்தினேன். கட்டைவிரல் உயர்ந்தால் 'மேலே போகலாம்' என்று பொருள். என்னை மேலேயே கொண்டுபோய் விட்டார்கள். ஆமை கீழேயே இருந்தது.

சரி, கப்பலுக்கு வருகிறேன்.

சூரியன் இன்னும் சரியாக ஏறவில்லை, தண்ணீர் மங்கலான பச்சையில் இருந்தது. சரிவான கறுப்பு மணலில் தோட்டத்து விலாங்குகள் நூற்றுக்கணக்கில் தலையை மட்டும் நீட்டி, நாற்றங்கால் காற்றில் ஆடுகிற மாதிரி ஆடின. பக்கத்தில் போனால் ஒரே சமயத்தில் குழிக்குள் இறங்கிவிட்டன. அதற்கு அப்புறம் மணல் முடிந்து ஓர் இருட்டு தொடங்கியது. அந்த இருட்டுத்தான் கப்பல் என்று எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. கப்பல் என்றால் ஒரு வடிவம் மனதில் இருக்கிறதல்லவா, அப்படி எதுவும் இல்லை. விலா எலும்புகள் மாதிரி வளைந்த இரும்பு, ஒவ்வொரு இரும்பின் மேலும் பவளம், விசிறிப் பவளம், பஞ்சுயிரிகள். நீர்மூழ்கி அடித்த ஓட்டை எது, எரிமலை உடைத்தது எது, கடல் தின்றது எது என்று பிரிக்கவே முடியாது.

அந்த இருட்டுக்குள்ளிருந்துதான் அவை வந்தன. கிளிமீன் வகையிலேயே பெரியவை, நெற்றி புடைத்த கிளிமீன்கள், ஒவ்வொன்றும் ஒரு மீட்டருக்குக் குறையாது, இருபதுக்கு மேல் இருக்கும். இரவில் கப்பலுக்குள் தூங்கிவிட்டு விடியற்காலையில் மேயக் கிளம்புகின்றன. எருமைக் கூட்டம் குளத்திலிருந்து எழுந்து வருகிற அதே நடை, அதே அலட்சியம். ஒன்று வாயைத் திறந்து பவளத்தைக் கடித்தது, கருங்கல் ஜல்லியை மெல்லுகிற சத்தம். தண்ணீரில் சத்தம் காற்றைவிட நான்கு மடங்குக்கு மேல் வேகமாக வருவதால் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று காதுக்குப் பிடிபடாது, மண்டைக்குள்ளேயே யாரோ மெல்லுகிற மாதிரி இருந்தது. தின்ற பவளத்தை அரைத்துப் பின்னால் வெள்ளை மணலாக விட்டுக்கொண்டே போயின. வெப்பக் கடல்களில் நாம் காலாற நடக்கிற வெள்ளை மணலில் கணிசமான பங்கு இப்படிக் கிளிமீன்கள் உபயம்தான்.

மேலே, கப்பலின் விளிம்பை ஒட்டி, பாறை மீன் கூட்டம் ஒன்று வெள்ளித் தூணாகச் சுற்றிக்கொண்டிருந்தது. கிலோ எவ்வளவு இருக்கும் என்று மனம் கணக்குப் போட்டதை ஒத்துக்கொள்கிறேன். சங்கரா, களவாய், எல்லாம் இருந்தது. மீன் மார்க்கெட்டில் பார்த்த முகங்களை அவர்கள் வீட்டில் போய்ப் பார்த்தது போல ஒரு சங்கடம்.

மனைவியின் மணிக்கட்டில் சமயபுரத்தில் கட்டிய சிவப்புக் கயிறு இருந்தது. 14 மீட்டரில் அது கறுப்பாகிவிட்டது. சூரிய வெளிச்சத்தில் சிவப்பைத்தான் தண்ணீர் முதலில் குடித்துவிடும். பிளி டார்ச்சை அடித்ததும் திரும்பவும் குங்குமமாகச் சிவந்தது. அவள் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கப்பலைக்கூட அவள் அவ்வளவு நேரம் பார்க்கவில்லை.

இதற்கிடையில் என் மாஸ்க்குக்குள் கடல் வந்துகொண்டிருந்தது. முதலில் மேல் உதட்டில் ஒரு ஈரம், அப்புறம் மூக்கு நனைந்தது, அப்புறம் கண்ணுக்குக் கீழே கோடாகத் தண்ணீர் ஏறியது. வெளியேற்றுவது கஷ்டமில்லை: மாஸ்க்கின் மேல் விளிம்பை அழுத்திக்கொண்டு, அண்ணாந்து, மூக்கு வழியாக ஊதினால் கீழ்ப்பக்கம் தண்ணீர் போய்விடும். போனது. ஒரு நிமிடத்தில் திரும்ப வந்தது. ஊதினேன். வந்தது. ஒவ்வொரு ஊதலுக்கும் நெஞ்சு நிறையக் காற்று செலவு. கண்ணில் உப்பு, மனதில் ஒரு சின்னப் படபடப்பு, படபடப்பில் இன்னும் வேகமாக மூச்சு.

கீழே காற்று மேலே மாதிரி இல்லை. 14 மீட்டரில் அழுத்தம் சுமார் இரண்டரை மடங்கு, அதனால் ஒவ்வொரு மூச்சுக்கும் டேங்கிலிருந்து இரண்டரை மடங்கு காற்று போகிறது. கேஜைப் பார்த்தேன், 80 பார். மனைவியின் கேஜை எட்டிப் பார்த்தேன், 140க்கு மேல். பிளியிடம் காட்டினேன். அவர் கப்பலின் மேல் பக்கத்தைக் கை காட்டினார், அங்கிருந்து மெதுவாகக் கரைப் பக்கம், 5 மீட்டரில் மூன்று நிமிடம் நிற்க வேண்டிய நிறுத்தம். ரத்தத்தில் கரைந்திருக்கும் நைட்ரஜன் அவசரமில்லாமல் வெளியேறுவதற்கு. அங்கேதான் அடுத்த கூத்து. காற்று தீரத் தீர டேங்க் இலேசாகி, தொப்பையும் சேர்ந்து, நான் மிதக்கத் தொடங்கிவிட்டேன். மேலே போகிறவனைப் பிளி ஃபின்னைப் பிடித்துக் கீழே இழுத்து வைத்திருந்தார். வானத்துக்குப் போகும் பட்டத்தைப் பிடித்திருக்கிற பையன் மாதிரி.

கரையேறும்போது என் டைவ் கம்ப்யூட்டரில் 29 நிமிடம். மனைவியிடம் இன்னும் 120 பார் மிச்சம். ஜெர்மன்காரரிடம் அதைவிட அதிகம். ஒருவருக்குக் காற்று தீர்ந்தால் எல்லோரும் மேலே வர வேண்டும் என்பது வழக்கம். அவ்வளவு தூரம் பறந்து வந்த மனுஷனின் காலையை என் மீசை பாதியில் முடித்து வைத்துவிட்டது.

அவர் கோபப்படவில்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. கரையோரக் கடையில் காப்பியும் வாழைப்பழப் பொரியலும் சாப்பிட்டுக்கொண்டு, முந்நூற்றுச் சொச்சம் முறை இறங்கியிருப்பதாகச் சொன்னார். "நீங்கள் மூச்சை இழுப்பதைப் பற்றியே கவலைப்படுகிறீர்கள். விடுவதைப் பாருங்கள்," என்றார். மூச்சு முட்டுகிற உணர்வு ஆக்சிஜன் குறைவதால் வருவதில்லை, கரியமில வாயு சேர்வதால் வருகிறது. படபடப்பில் குட்டிக் குட்டியாக மூச்சு விட்டால் அந்த வாயு சரியாக வெளியே போகாது, உடம்பு இன்னும் கொடு கொடு என்று கேட்கும், நாம் இன்னும் வேகமாக இழுப்போம்.

"இதைத்தானேங்க நான் பத்து வருஷமாச் சொல்றேன், காலையில எந்திரிச்சு உட்காருங்கன்னு," என்றாள் மனைவி. அவள் பிராணாயாமம் செய்கிறவள். நீச்சலைக்கூட அபார்ட்மெண்ட் குளத்தில் முப்பத்தாறு வயதில்தான் கற்றுக்கொண்டாள். நான் எட்டு வயதில் கிணற்று மேட்டிலிருந்து குதித்தவன், தண்ணீருக்குள் காசு பொறுக்கியவன், அந்தத் திமிர் எனக்கு இருந்தது. ஆனால் கிணற்றில் நாங்கள் பழகியதெல்லாம் மூச்சைப் பிடித்துக்கொள்வது. ஸ்கூபாவில் முதல் விதியே மூச்சைப் பிடிக்கக் கூடாது என்பது. 10 மீட்டரில் நெஞ்சு நிறைய இழுத்து அடைத்துக்கொண்டு மேலே வந்தால் உள்ளே இருக்கும் காற்று இரண்டு மடங்காக விரியும், நுரையீரல் கிழிந்துவிடும். மூச்சை இழுக்கும் பூரகம் உண்டு, விடும் ரேசகம் உண்டு, அடக்கும் கும்பகம் மட்டும் கூடவே கூடாது. என் கிணற்று அனுபவம் முழுக்கக் கும்பகம்.

அங்கே உட்கார்ந்திருந்தபோது இன்னொன்று தோன்றியது. கப்பல் அடிபட்டது 1942இல். அடுத்த வருஷம், 1943இல், ஜெர்மானியர் பிடியில் இருந்த பிரான்ஸில், கடற்படை அதிகாரி ஜாக் கூஸ்தோவும் பொறியாளர் எமில் கான்யானும் சேர்ந்து, வாயால் இழுத்தால் மட்டும் காற்று தருகிற ரெகுலேட்டரைச் செய்தார்கள். பெட்ரோல் பஞ்சத்தில் கார்களை எரிவாயுவில் ஓட்டுவதற்காகக் கான்யான் செய்து வைத்திருந்த வால்விலிருந்து வந்த யோசனை அது. ஒரே போர், ஒரு பக்கம் கப்பலை உடைத்தது, இன்னொரு பக்கம் அதைப் போய்ப் பார்க்கிற கருவியைக் கொடுத்தது. இதைச் சொல்ல வாயெடுத்தேன். ஜெர்மன்காரரிடம் போரைப் பற்றி எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் இன்னொரு காப்பி சொன்னேன்.

இரண்டாவது முறை இறங்க ஒரு மணி நேரம் இருந்தது. பெட்டிக்கடையில் ஒரு ரேசர் வாங்கினேன். முழுசாக எடுக்க மனம் வரவில்லை. மூக்குக்கு நேர் கீழே, மாஸ்க் விளிம்பு உட்காரும் இடத்தில் மட்டும், ஒரு கோடு மழித்தேன். தாடி மீசைக்காரர்கள் நிறையப் பேர் இப்படித்தான் செய்வார்கள் என்று பிளி ஆறுதல் சொன்னார். கண்ணாடியில் பார்த்தேன். மூக்குக்கும் மீசைக்கும் நடுவில் வாய்க்கால் வெட்டிய மாதிரி இருந்தது. மனைவி படம் எடுத்தாள், அது குடும்பக் குழுவுக்குப் போய்விட்டது, பின்னூட்டங்களை இங்கே எழுதுவதாக இல்லை.

இரண்டாவது முறை ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை. இந்தத் தடவை உட்கார்ந்தே கடலுக்குள் போனேன். 10, 12 மீட்டரிலேயே இருந்தோம். சூரியன் நேராக இறங்கி, காலையில் வெறும் இருட்டாக இருந்த இடமெல்லாம் மஞ்சளும் ஊதாவுமாகத் தெரிந்தது. கூட்டம் வந்துவிட்டது, எந்தப் பக்கம் திரும்பினாலும் ஃபின்கள். கிளிமீன்கள் ஒன்றுகூட இல்லை. நான் பெரிதாக எதையும் தேடவில்லை. குமிழிகளை எண்ணிக்கொண்டிருந்தேன். நான்கு எண்ணிக்கைக்கு இழுப்பது, எட்டு எண்ணும்வரை விடுவது. ஒரு சாமந்திப் பூ மாதிரியான கடல்பூவுக்குள் கோமாளி மீன் குடும்பம் ஒன்று இருந்தது. எல்லாம் ஆணாகவே பிறந்து, கூட்டத்தில் பெரியது மட்டும் பெண்ணாகி வீட்டை ஆள்கிறது. அந்தப் பெரியது என் மாஸ்க்கை நோக்கி வந்து முட்டப் பார்த்தது. ஐந்து அங்குல மீனுக்கு என்ன தைரியம். இரும்புக்கும் அவற்றுக்கும் நடுவில் சும்மா நின்றுகொண்டிருந்தேன், எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிளி வந்து கேஜைத் தட்டிக் காட்டியபோது 38 நிமிடம் ஆகியிருந்தது. அப்போதும் முதலில் காற்று தீர்ந்தது எனக்குத்தான்.

மதியத்துக்கு மேல் கிந்தாமணி போய் எரிமலை ஏரியைப் பார்ப்பது மனைவியின் திட்டம். அது சுமார் 1,500 மீட்டர் உயரம். பிளி ஒரேயடியாக வேண்டாம் என்றார். இரண்டு முறை இறங்கியவர்கள் பதினெட்டு மணி நேரமாவது விமானம் ஏறக்கூடாது, மலையும் அதே கணக்குத்தான், உடம்பில் மிச்சமிருக்கும் நைட்ரஜன் மேலே போனால் குமிழியாகும். "உங்க கப்பலுக்காக என் ஏரி போச்சு," என்று அவள் வேன் ஏறும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள். நியாயம்தான். நான் வாயைத் திறக்கவில்லை, மீசை வேறு அந்த நிலையில்.

டேங்குகளை எடுக்க அதே அம்மா வந்தார். மனைவியின் டேங்கைத் தலையில் ஏற்றிக்கொண்டு, என்னுடையதை ஒரு கையால் தூக்கிப் பார்த்தார். நின்றார். இரண்டையும் எடை போடுகிற மாதிரி கையை ஏற்றி இறக்கினார். பிறகு என்னைப் பார்த்து, முன்பல் தெரியச் சிரித்து, "ஹபிஸ்!" என்றார். தீர்ந்துபோச்சு என்று அர்த்தம், பிளி சொல்வதற்கு முன்பே எனக்குப் புரிந்துவிட்டது.